ஃபார்மேட் போட்டபின் விண்டோஸ் லைசென்ஸ்: எது திரும்ப வரும், எது வராது?

ஒரே பென்டிரைவ், ஒரே விண்டோஸ் 11. ஒரு கணினியில் ஏற்றினால் இணையம் கிடைத்த சில நிமிடங்களில் தானாக ஆக்டிவேட் ஆகிவிடுகிறது. இன்னொன்றில் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்ற எழுத்து வந்து நின்றுவிடுகிறது. பென்டிரைவில் குறையில்லை. அந்தக் கணினிக்கு லைசென்ஸ் எந்த வழியாக வந்தது என்பதுதான் வித்தியாசம். ஆகவே எந்த வகை லைசென்ஸ் மேல் என்று பார்ப்பதற்கு முன், உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் ஃபார்மேட் போடுவதற்கு முன்பே.

அட்மினாகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஆங்கில எழுத்துகளில் ‘எஸ்எல்எம்ஜிஆர்’ (slmgr) என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு ‘டிஎல்ஐ’ (dli) சேர்த்து என்டர் தட்டுங்கள். சின்னப் பெட்டி ஒன்று வரும். முதல் வரியில் எடிஷன் (ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், ப்ரோ), அடுத்ததில் ‘சேனல்’ (லைசென்ஸ் வந்த வழி), அதன் கீழே கீயின் (லைசென்ஸுக்கான ரகசியக் குறியீடு) கடைசி ஐந்து எழுத்துகள். சேனல் ‘ஓஇஎம்_டிஎம்’ என்றால் கணினியைத் தயாரித்த நிறுவனம் போட்ட கீ பயாஸில் (மதர்போர்டு சிப்பில் உள்ள தொடக்க நிரல்) இருக்கிறது. ‘வால்யூம்’ என்று தொடங்கினால் அது நிறுவனங்களுக்கான லைசென்ஸ். வீட்டுக் கணினியில் அதற்கு வேலையில்லை. ‘ரீடெய்ல்’ என்றால் கடைசி ஐந்து எழுத்துகளையும் பாருங்கள். ப்ரோவில் 3வி66டி, ஹோமில் 8எச்விஎக்ஸ்7 என்று இருந்தால் அது உங்களுக்கென்று கொடுத்த கீ அல்ல, உலகம் முழுக்க எல்லோருக்கும் பொதுவான கீ. மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கும் டிஜிட்டல் லைசென்ஸ் உள்ள கணினிகளில் இதுதான் தெரியும். கீ கண்டுபிடிக்கும் மென்பொருளைப் போட்டு இதைப் பத்திரமாக எழுதி வைப்பவர்கள் ஏராளம். அதைத் திரும்ப அடித்தால் எடிஷன் மாறும், ஆக்டிவேட் ஆகாது.

பயாஸ் கீ: தொல்லை மிகக் குறைவு

விண்டோஸ் 8 வந்த 2012 முதல், விண்டோஸோடு விற்கப்படும் பிராண்டட் லேப்டாப்களில் கீ மதர்போர்டின் பயாஸிலேயே எழுதப்பட்டிருக்கும். ஹார்டு டிஸ்க்கை மாற்றினாலும் துடைத்தாலும் அது போகாது. இன்ஸ்டாலர் அதைப் படித்து எடிஷனையும் தானே தேர்ந்தெடுக்கும்.

இதிலும் சிக்கல் வருவது பெரும்பாலும் எடிஷனால்தான். இந்தியாவில் விற்கும் வீட்டு லேப்டாப்களில் மிகப் பலவற்றில் இருப்பது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் ப்ரோவையோ என்டர்பிரைஸையோ ஏற்றிக் கொடுத்துவிட்டால் பயாஸில் உள்ள கீ அதற்குப் பொருந்தாது. வேறு கீ வாங்க ஓட வேண்டாம். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலில் 8 ஜிபி பென்டிரைவ் தயார் செய்து புதிதாக ஏற்றினால் சரியான எடிஷன் வந்துவிடும். ப்ரோவிலிருந்து ஹோமுக்குக் கீயை மாற்றி இறங்க முடியாது, ஃபார்மேட்தான் வழி. ஹோமிலிருந்து ப்ரோவுக்கு ஏறுவதற்கு மட்டும் செட்டிங்ஸில் கீயை மாற்றினால் போதும்.

இன்னொரு கண்டம் மதர்போர்டு மாற்றம். புது போர்டின் பயாஸில் கீ இல்லையென்றால் 213 என்று முடியும் பிழை எண் வரும். வாரண்டியில் போர்டு மாற்றினால் சர்வீஸ் சென்டரை விட்டுக் கிளம்பும் முன்பே, புது போர்டில் விண்டோஸ் கீ ஏற்றியாயிற்றா என்று கேட்டு, ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் இதைச் சரிசெய்வது பெரும்பாடு.

டிஜிட்டல் லைசென்ஸ்: நல்லதுதான், முன்வேலை உண்டு

இங்கே உங்களுக்கென்று தனிக் கீ எதுவும் இல்லை. கணினியின் ஹார்ட்வேரை வைத்து ஓர் அடையாளம் உருவாக்கப்பட்டு மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கும். 2015 ஜூலை 29 அன்று தொடங்கிய விண்டோஸ் 10 இலவச அப்கிரேடில் வந்தவர்கள் எல்லோரும் இந்த வகைதான். விண்டோஸ் 10 ஹோமுக்குக் கிடைத்த டிஜிட்டல் லைசென்ஸ் அதே கணினியில் விண்டோஸ் 11 ஹோமுக்கும் செல்லும். பழைய விண்டோஸ் 7 ஸ்டிக்கரில் உள்ள கீயை அடித்துப் புதிதாக ஆக்டிவேட் செய்யும் வழியை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். அதற்கு முன் பதிவான கணினிகளுக்குப் பாதிப்பில்லை.

ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு மாற்றினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மதர்போர்டு மாறினால் சர்வரின் கண்ணுக்கு அது வேறு கணினி. 211 என்று முடியும் பிழை எண் வரும். மீள்வதற்கு வழி உண்டு, ஆனால் பழைய போர்டு ஓடிக்கொண்டிருந்தபோதே லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு இணைத்திருக்க வேண்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போனால் ‘டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு இணைக்கப்பட்டுள்ளது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்பதோடு வரி முடிந்துவிட்டால் இணைப்பு இல்லை என்று பொருள். இணைத்திருந்தால், புது போர்டில் அதே எடிஷனை ஏற்றி, அதே பக்கத்தில் ட்ரபிள்ஷூட் அழுத்தி, ‘சமீபத்தில் ஹார்ட்வேர் மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் பழைய கணினியின் பெயரைக் குறித்து ஆக்டிவேட் செய்யலாம். பட்டியலில் எல்லாமே ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கும் ஒரே மாதிரிப் பெயர்களாக இருந்தால் திணற வேண்டியிருக்கும். கணினிக்கு இப்போதே அடையாளம் தெரியும் பெயராக வைத்துவிடுங்கள். லேப்டாப்போடு வந்த ஓஇஎம் லைசென்ஸை இந்த வழியில் வேறு கணினிக்குக் கொண்டுபோக உரிமம் இடம் தராது.

ரீடெய்ல் கீ: விலை அதிகம், சுதந்திரமும் அதிகம்

கணினியோடு வராமல் தனியாக விலைகொடுத்து வாங்கும் கீ இது. அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் அடிக்கடி போர்டு மாற்றுபவருக்கு இதுவே சரி. பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றலாம், ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும். பழையதில் அதே எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையோடு சாய்கோடு போட்டு ‘யுபிகே’ (upk) கொடுத்துக் கீயை நீக்கிவிட்டுப் புதியதில் அடியுங்கள். முன்பே பல கணினிகளில் பயன்பட்ட கீ என்றால் 008 என்று முடியும் எண் வரும். வாங்கிய ரசீதைத் தொலைக்காதீர்கள், மைக்ரோசாஃப்ட் உதவி மையத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

சில நூறு ரூபாய் கீ: வேண்டாம்

ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவாகக் கிடைப்பவற்றில் பல, நிறுவனங்களின் வால்யூம் லைசென்ஸிலிருந்து கசிந்தவை. அவற்றில் ஒரே கீயைப் பல கணினிகளில் அடிக்கும் எம்ஏகே வகைக்கு ஆக்டிவேஷன் எண்ணிக்கை வரம்பு உண்டு. முதல் தடவை வேலை செய்யும், ‘ஒரிஜினல்தான்’ என்று நம்பிவிடுவோம். ஃபார்மேட் போட்டு மீண்டும் அடிக்கும்போது எண்ணிக்கை தீர்ந்திருந்தால் 020, கீ முடக்கப்பட்டிருந்தால் 003 என்று முடியும் எண் வரும். விற்றவர் அப்போது இருக்க மாட்டார். கேஎம்எஸ் வகை இன்னும் மோசம். அது 180 நாளுக்கு மட்டும் செல்லும். நிறுவனத்தின் சர்வரோடு பேசிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய அமைப்பு அது. உங்கள் வீட்டில் அந்த சர்வர் இல்லாததால் 074 வந்து நிற்கும். அந்த சர்வர்போல நடிக்கும் ‘ஆக்டிவேட்டர்’ கோப்புகளை ஓட்ட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். நெட் பேங்கிங் பாஸ்வேர்டு அடிக்கும் கணினியில் முன்பின் தெரியாதவரின் நிரலுக்கு அட்மின் அனுமதி கொடுப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

லைசென்ஸ் சரியாக இருந்தும் ஆகவில்லையா?

எந்த வகையானாலும் இரண்டைப் பாருங்கள். புதிதாக ஏற்றியதும் வைஃபை டிரைவர் இல்லாமல் இருக்கலாம். போனை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும். இரண்டாவது, தேதி. பழைய டெஸ்க்டாப்பில் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தால் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே அமையாது. பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, அதே எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையோடு சாய்கோடு போட்டு ‘ஏடிஓ’ (ato) சேர்த்து ஓட்டுங்கள்.

ஆக்டிவேட் செய்யாமல் ஓட்டலாமா? அப்டேட்கள் வரும், கோப்புகள் திறக்கும், வால்பேப்பர் போன்ற பெர்சனலைசேஷன் அமைப்புகள் பூட்டியிருக்கும். உரிம விதிப்படி சரியல்ல. பயாஸ் கீ பிரச்சினைக்குத் தீர்வு தேடும் இடைக்காலத்துக்கு மட்டும் இது போதும்.

லைசென்ஸே இல்லாத பழைய கணினிக்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் உண்மையான போட்டியாளர். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. மின்டில் கீ, ஆக்டிவேஷன் என்ற பேச்சே இல்லை. பிரவுசர், லிப்ரே ஆஃபிஸ், தமிழ்99 தட்டச்சு எல்லாம் ஓடும். கணக்கு மென்பொருளான டாலி பிரைம் விண்டோஸுக்கு மட்டும்தான். கடைக் கணக்கு அதில் இருந்தால் மாற வேண்டாம். மாறிப் பார்க்கத் தயங்குபவர்களுக்கு ஒன்று: லினக்ஸ் ஏற்றுவதால் பயாஸில் உள்ள கீயும் அழியாது, சர்வரில் உள்ள டிஜிட்டல் லைசென்ஸும் போகாது. பிடிக்காவிட்டால் அதே எடிஷன் விண்டோஸைத் திரும்ப ஏற்றி இணையத்தில் இணைத்தால் ஆக்டிவேட் ஆகிவிடும்.