“மன்னித்தது உண்மையென்றால் பணம் கட்டுங்கள்” என்பவரிடம் ஜாக்கிரதை

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று ஒரு புனிதப் பயண ஏற்பாட்டாளர் எனக்கு அனுப்பிய குரல் செய்தியைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு லட்சத்து எண்பதாயிரம் போய்விட்டது. அதை வேதவசனத்தைச் சொல்லியே வாங்கிக்கொண்டு போனார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பெயர் போடவில்லை. எருசலேம், பெத்லகேம், கலிலேயா என்று விசுவாசிகளைக் குழுவாக அழைத்துப்போகும் புனிதப் பயண ஏற்பாட்டாளர். எங்கள் ஜெபக்குழுவுக்கும் வருவார். முன்பு ஒரு தியான முகாமுக்காக எங்களில் சிலர் அவரிடம் முன்பணம் கொடுத்திருந்தோம். முகாமும் நடக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. போன் எடுக்க மாட்டார். அப்புறம் ஆளையே காணோம்.

வெகுநாள் கழித்து ஒரு மாலை வந்தார். ஜெபம் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தோம். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே முழங்காலில் விழுந்தார். “அண்ணா, பிசாசு என்னைக் கெடுத்துட்டான். ஆண்டவர் மன்னிச்சுட்டார், நீங்களும் மன்னிக்கணும்.” கண்ணீர் என் மணிக்கட்டில் சொட்டியது. மன்னித்தேன், மனதார. அதில் இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. ஏழுதரம் மன்னித்தால் போதுமா என்று கேட்ட சீடர் பேதுருவுக்கே எழுபது ஏழுதரம் என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார்.

கொஞ்ச நாளில் வீட்டுக்கு வந்தார். அம்மா அப்பாவுக்கு யோர்தான் நதியைப் பார்க்க ஆசை என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். பயணத் திட்டம் அச்சடித்த தாளை அம்மா கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “இவங்களை என்னோட அனுப்புங்க அண்ணா. நீங்க என்னை மன்னிச்சது உண்மைன்னா அதுதான் அடையாளம்.”

இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் நடந்தது. மன்னிப்பைக் கேட்டு வாங்கியவர், அதற்குச் சாட்சியாகப் பணத்தையும் கேட்டார். முதலில் வாங்கியதைத் திருப்பித் தருவதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. இருவருக்கும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் கைமாறியது. ரசீது கேட்டபோது அவர் முகம் வாடிப்போனது. “இன்னும் நம்பலையா அண்ணா?” என்றார். பக்கத்திலிருந்த அம்மா, “விடுப்பா, பிள்ளை மனசு நோகும்” என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். விசா இந்த வாரம் வந்துவிடும். குழுவில் இன்னும் ஆள் சேரவில்லை. விமானக் கட்டணம் இறங்கட்டும். ஒவ்வொரு செய்தியும் ஸ்தோத்திரத்தில் ஆரம்பித்து “ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்” என்று முடியும். நேற்று வந்த செய்தியில், “எழுபது ஏழுதரம்னு எழுதியிருக்கே அண்ணா, நீங்க எத்தனை தரம் மன்னிச்சீங்க?” என்று என்னையே கேட்கிறார்.

சபை மூப்பர் ஒருவரிடம் போனேன். விசுவாசிகள் வழக்குக்குப் போகலாமா, வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரம் படியுங்கள் என்று அனுப்பிவிட்டார். படித்தேன். சகோதரருடைய வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் ஞானி ஒருவனும் இல்லையா என்று அந்த நிருபத்தை எழுதிய பவுல் சபையைத்தான் கேட்கிறார். சகோதரருக்கே அநியாயமும் நஷ்டமும் செய்கிறீர்களே என்று கண்டிப்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. அந்த வசனங்களை மூப்பர் எனக்குச் சொல்லவில்லை.

யோசேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னை அடிமையாக விற்ற அண்ணன்மார் பின்னாளில் தானியம் வாங்க வந்தபோது, அவர்களைக் கண்டு தனியே போய் அழுதார். அவருக்கு வன்மம் இல்லை. ஆனாலும் தன்னை யாரென்று உடனே காட்டவில்லை. அவர்களில் சிமியோனைக் காவலில் வைத்தார், கடைசித் தம்பி பென்யமீனை அழைத்துவரச் சொன்னார், அவன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைக்கச் சொன்னார். ஒரு காலத்தில் யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே அண்ணன் யூதா, இப்போது தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வந்து நின்றான். அதற்குப் பிறகுதான் யோசேப்பு, “நான் யோசேப்பு” என்றார். மனம் மாறியதற்கு அடையாளம் காட்ட வேண்டியவர் தப்புச் செய்தவர்தான். என்னிடம் அடையாளம் கேட்க அவருக்கு என்ன உரிமை?

இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். யாரும் கேட்காமலே சொன்னான். அந்தப் பயணத் தாளில் எரிகோவும் இருந்தது, சகேயு ஏறிய மரத்தைக் காட்டுவதாகப் போட்டிருந்தது. அந்தத் தாளை அச்சடித்தவருக்குச் சகேயு என்ன செய்தான் என்று தெரியாமலா இருக்கும்?

எரேமியா தீர்க்கதரிசி தன் தகப்பனுடைய சகோதரர் மகனிடம் நிலம் வாங்கியபோதுகூட 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினார். பிலேமோனின் அடிமை ஒநேசிமுவின் கடனை ஏற்றுக்கொண்ட பவுல் “என் சுயகையாலே எழுதினேன், நான் செலுத்தித் தீர்ப்பேன்” என்று பிலேமோனுக்கு எழுதிக் கொடுத்தார். அப்போஸ்தலனே எழுதிக் கொடுத்திருக்கும்போது, நாம் ரசீது கேட்டால் அது அவிசுவாசமா?

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பாக்கி தீராமல் புதிதாக ஒரு பைசா கொடுக்காதீர்கள். ரசீது கேட்டதற்கு முகம் வாடினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களை நடுவில் வைத்துப் பேச இடம் கொடுக்காதீர்கள். மன்னிப்பு இன்றைக்கே கொடுங்கள், பணப்பை திறக்க நாளாகட்டும்.

அவரை மறுபடி மன்னிக்க ஆண்டவரிடம் பெலன் கேட்டுக்கொண்டிருக்கிறேன். புகார் மனுவையும் எழுதிவிட்டேன், நாளை கொடுக்கிறேன். ஒரு லட்சத்து எண்பதாயிரமும் பெரியவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்தது. வேறொரு ஜெபக்குழுவிலும் இப்போது முன்பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இப்படி ஒருவரிடம் யாராவது பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே எழுத்தில் வாங்குங்கள், தரவில்லை என்றால் குழுவில் எல்லோர் முன்னாலும் கேளுங்கள்.