மீனம்பாக்கத்தில் வரிசை யாருக்கு, விலக்கு யாருக்கு?

இந்திய விமான நிலையங்களில் உடல் சோதனை இல்லாமல் விமானம் ஏற யார் யாருக்கு உரிமை உண்டு என்று ஒரு பட்டியலே இருக்கிறது. விமானப் பாதுகாப்பைக் கவனிக்கும் பி.சி.ஏ.எஸ். போட்டது. குடியரசுத் தலைவர், பிரதமர், முன்னாள் குடியரசுத் தலைவர்கள், மக்களவைத் தலைவர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள், கேபினட் அமைச்சர்கள், ஆளுநர்கள், முதலமைச்சர்கள், தலைமைத் தேர்தல் ஆணையர், வெளிநாட்டுத் தூதர்கள், பாரத ரத்னா பெற்றவர்கள், தலாய் லாமா என்று நீளும். நடிகர் என்பதற்காகவோ கிரிக்கெட் வீரர் என்பதற்காகவோ யாருக்கும் அதில் இடமில்லை. சச்சினுக்கு விலக்கு உண்டு என்றால் அது 2014இல் வாங்கிய பாரத ரத்னாவுக்காக, அடித்த சதங்களுக்காக இல்லை. சாதாரண எம்.பி.கூடப் பட்டியலில் கிடையாது. அவருக்குத் தனி ஓய்வறை உண்டு. சோதனை வாசலில் அவரும் கையை விரித்துத்தான் நிற்க வேண்டும்.

கார் கூரையில் சுழலும் சிவப்பு விளக்கு 2017 மே 1ஆம் தேதியோடு போய்விட்டது. இந்தப் பட்டியல் போகவில்லை, அவ்வப்போது கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். பதவியே இல்லாத ஒருவர், சோனியா காந்தியின் மருமகன் ராபர்ட் வதேரா, பிரதமருக்குக் காவல் நிற்கும் எஸ்.பி.ஜி. படையின் பாதுகாப்பில் இருந்த அந்தக் குடும்பத்தோடு பயணம் செய்யும்போது விலக்கு உண்டு என்று பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தார். 2015 செப்டம்பரில் அந்தப் பெயரை எடுத்தார்கள். இத்தனை ஆண்டுகள் அது எதற்காக அங்கே இருந்தது என்பதற்கு யாரும் உருப்படியாகப் பதில் சொன்னதில்லை.

சரி, பட்டியலில் இல்லாத நடிகர் எப்படி வரிசையைத் தாண்டிப் போகிறார்? விடுமுறை முடிந்து சென்னையின் வெளிநாட்டு முனையமான டி2 வழியாகத் திரும்புகிறவர்கள் எரிச்சலோடு கேட்கும் கேள்வி இது. கேள்விக்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. வரிசையில் நிற்காமல் முன்னால் போவது ஒன்று. எல்லோர் கண் முன்னாலும் இல்லாமல் தனியாகச் சோதனைக்கு உட்படுவது இன்னொன்று. சோதனையே இல்லாமல் போவது மூன்றாவது. தூரத்தில் நிற்பவருக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். பட்டியல் பேசுவது மூன்றாவதைப் பற்றி மட்டும்.

முதலாவதைப் பொறுத்தவரை நடிகர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. முன்னணி நடிகர் ஒருவர் வரிசையில் அரை மணி நேரம் நின்றால் என்ன நடக்கும்? சோதனைப் பகுதியில் படம் எடுக்கத் தடை உண்டு. ஆனாலும் ஐம்பது செல்போன்கள் உயரும். ட்ரேயில் லேப்டாப்பை வைத்தவர் பாதியில் விட்டுவிட்டு செல்ஃபிக்கு ஓடுவார். அவருடைய பை ஸ்கேனரின் மறுமுனையில் எடுக்க ஆளில்லாமல் நிற்கும். பின்னால் வரும் ட்ரேக்கள் முட்டிக்கொள்ளும், பெல்ட் நிற்கும். ஆளில்லாத பை ஒன்று கிடந்தாலே காவலருக்குத் தலைவலி. இதற்கு அவரை மூன்று நிமிடத்தில் உள்ளே அனுப்பிவிடுவது வரிசையில் இருக்கும் நமக்குத்தான் லாபம். தனியறைச் சோதனையும் அப்படியே. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் 2017இலிருந்து பணக்காரர்களுக்கென்று தனிக் கட்டடமே இருக்கிறது. அங்கேயும் அமெரிக்க அரசின் பயணிகள் சோதனை அமைப்பான டி.எஸ்.ஏ. ஊழியர்கள் பையைத் திறக்காமல் விடுவதில்லை. காசு கொடுத்து வாங்குவது கூட்டமில்லாத இடத்தை மட்டும்.

மூன்றாவதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை, பட்டியலில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். முகம் தெரியும் என்பதால் பையும் தெரிந்ததாகிவிடாது. பிரபலம் தன் பையைத் தானே அடுக்குவதும் இல்லை, தூக்குவதும் இல்லை. உதவியாளர், மேனேஜர், டிரைவர், ஹோட்டல் ஊழியர் என்று நாலைந்து கை மாறித்தான் அது விமான நிலையத்துக்கு வருகிறது. நம்பத்தகுந்த முகத்தோடு, யாரோ அடுக்கிய பை. கெட்ட எண்ணம் உள்ளவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

சென்னைக்கு இது புதிய பாடமும் இல்லை. 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி மீனம்பாக்கத்தில் வெடித்த குண்டு, கொழும்பு விமானத்துக்குப் பெட்டியைப் போட்டுவிட்டுத் தான் ஏறாமல் போன ஒருவரின் பெட்டியில் இருந்தது. 30 பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 23இல் அயர்லாந்துக் கடலோரம் வெடித்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்திலும் அதே கதை: வான்கூவரில் பெட்டியை ஏற்றியவன் விமானத்தில் இல்லை. 329 உயிர்கள். 1987 ஏப்ரலில் பி.சி.ஏ.எஸ். தனித்துறையானது அதற்குப் பிறகுதான். 1999 டிசம்பரில் காந்தஹார் கடத்தல் நடந்தது. அதன் பிறகு விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக மாநிலப் போலீசின் கையிலிருந்து சி.ஐ.எஸ்.எஃப். கைக்குப் போயின. உள்ளூர் அரசியல்வாதியைப் பார்த்ததும் விறைத்து நிற்கத் தேவையில்லாத மத்தியப் படை என்பது அந்த மாற்றத்தில் கிடைத்த பெரிய நன்மை. ஆனாலும் வாசலில் நிற்கும் கான்ஸ்டபிள் மனிதர்தான். பெரிய இடத்து ஆளை நிறுத்தினால் புகார் வரும், விட்டால் எதுவும் வராது என்பது அவருக்குத் தெரியும். அவர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால், மேலதிகாரி அவர் பக்கம் நிற்க வேண்டும்.

வருகைப் பக்கத்தில் சலுகை எப்படிச் சீரழியும் என்பதற்கு பெங்களூரு உதாரணம் இருக்கிறது. 2025 மார்ச் 3ஆம் தேதி துபாயிலிருந்து வந்த கன்னட நடிகை ஒருவர் 14 கிலோவுக்கு மேல் தங்கத்தோடு பிடிபட்டார். உயர் போலீஸ் அதிகாரி ஒருவரின் வளர்ப்பு மகள். போலீஸ் புரோட்டோகால் துணையோடு சோதனை இல்லாமல் வெளியே போய்வந்தார் என்பது குற்றச்சாட்டு. வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நாம் கவனிக்க வேண்டியது அந்தத் துணைப் போலீஸ் ஏற்பாட்டை: அது சுங்கச் சட்டம் கொடுத்த விலக்கு அல்ல, பழக்கத்தில் வளர்ந்த சலுகை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் எப்போதும் சொல்லப்படும் பெயர் அப்துல் கலாம். 2009 ஏப்ரலில் டெல்லியில் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் ஊழியர்கள், விமானத்துக்கு ஏறும் பாலத்தில் வைத்து அவரைச் சோதித்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர், பட்டியலில் இருப்பவர். ஊழியர்கள் காட்டியது அமெரிக்கா போகும் விமானங்களுக்கான அமெரிக்க விதியை. கலாம் புகார் எதுவும் செய்யவில்லை. ஜூலையில் நாடாளுமன்றத்தில் சத்தம் எழுந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது, விமான நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் அவர் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு வந்து கோட்டையும் ஷூவையும் வாங்கிப் போய்ச் சோதித்தார்கள். அதற்கும் மன்னிப்புக் கடிதம் வந்தது. கோபம் நியாயம்தான். ஆனால் கோபம் எதன் மேல் என்பதில் தெளிவு வேண்டும். டெல்லியில் இரண்டு நாட்டு விதிகள் மோதின. அதைக் காகிதத்தில் முன்கூட்டியே தீர்த்திருக்க வேண்டும். எண்பதை நெருங்கும் மனிதரைப் பாலத்தில் நிறுத்தித் தீர்த்தது தவறு. சோதனை நடந்ததே அவமானம் என்று சொல்ல முடியாது. கலாமே அப்படிச் சொல்லவில்லை.

இனி நம் பக்கம். வரிசை நகராததற்கு நடிகரைவிடப் பெரிய காரணம் நம் ஹேண்ட் லக்கேஜ். ஸ்கேனர் திரையில் உணவு, துணி, பிளாஸ்டிக் போன்ற கரிமப் பொருள் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும்; உலோகம் நீலம்; இரண்டும் கலந்தது, மெல்லிய அலுமினியம் போன்றவை பச்சை. கதிர் ஊடுருவ முடியாத கனமான பொருள் கறுப்பாக நிற்கும். அம்மா கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கைப் பழைய புடவையில் சுற்றி, அதன் மேல் சார்ஜர் ஒயர்களையும், பக்கத்தில் ஒரு டப்பா இட்லிப் பொடியையும் வைத்தால் திரையில் என்ன தெரியும் என்று யோசியுங்கள். நடுவில் ஒரு கறுப்புத் தூண், அதைச் சுற்றி ஒயர், ஒட்டி ஒரு ஆரஞ்சுக் கட்டி. திரையைப் பார்ப்பவர் அதை விட்டுவிட்டால்தான் தவறு. பை ஓரத்துக்குத் தள்ளப்படும், திறக்கப்படும், தனித்தனியாக மறுபடி ஸ்கேனருக்குள் போகும். சில நேரம் ஒரு சிறு துணிப் பட்டையால் பையைத் துடைத்து வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று இயந்திரத்தில் பார்ப்பார்கள். ஒரு விளக்கு பத்துப் பேரைப் பின்னால் நிறுத்திவிடும். விளக்கு, உருளி, கல் உரல் எல்லாம் செக்-இன் பெட்டிக்குப் போகட்டும். கையில்தான் கொண்டுபோக வேண்டுமென்றால் தனி ட்ரேயில் வையுங்கள்.

ஊறுகாய், நெய், பழனி பஞ்சாமிர்தம் மூன்றும் வெளிநாட்டு விமானத்தில் திரவம், கூழ் கணக்கில் வரும். 100 மில்லிக்கு மேல் டப்பா கூடாது, எல்லா டப்பாக்களும் ஒரு லிட்டர் பைக்குள் அடங்க வேண்டும். கணக்கு டப்பாவின் அளவுக்கு, உள்ளே மிச்சம் இருப்பதற்கு இல்லை; 200 மில்லி புட்டியில் ஒரு ஸ்பூன் தைலம் இருந்தாலும் போய்விடும். மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ உள்நாட்டு விமானத்தில் வந்து சென்னையில் மாறுகிறவர்களுக்கு இங்கேதான் அடி விழுகிறது. அங்கே தாண்டி வந்த தண்ணீர் பாட்டில் இங்கே தாண்டாது, ஏனென்றால் டி2-வில் மறுபடி முழுச் சோதனை உண்டு. மிளகாய்ப் பொடி, மசாலாப் பொடி வகையறாவும் கைப்பையில் வேண்டாம். அமெரிக்கா போகிறவர்களுக்கு 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி என்றாலே தனிச் சோதனை.

கொப்பரையைப் பற்றி வாக்குவாதம் செய்வதில் பயனில்லை. அதில் எண்ணெய் அதிகம், அடைத்து வைத்தால் தானாகச் சூடேறக்கூடிய சரக்கு என்பதால் ஆபத்தான பொருள் வரிசையில் வருகிறது, செக்-இன் பெட்டியிலும் போகாது. தேங்காய்க்கே விலக்கு கிடைத்த கதையும் உண்டு. சபரிமலை பக்தர்கள் இருமுடிக்கட்டுத் தேங்காயைக் கையோடு கொண்டுபோக 2025 ஜனவரி 20 வரை என்று நாள் குறித்து அனுமதி கொடுத்தார்கள். ஆனால் எக்ஸ்-ரே, துகள் சோதனை, கையால் திறந்து பார்ப்பது மூன்றும் கட்டாயம். யாருக்கு, எதற்கு, எதுவரை என்று சொல்லி, சோதனையை விட்டுக்கொடுக்காத சலுகை. மனிதர்களுக்கான பட்டியலையும் இந்த முறையில் எழுதியிருக்கலாம்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். 100 வாட்-ஹவர் (Wh, அதில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) வரை கேள்வியில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கணக்கு எளிது: பவர் பேங்கில் போட்டிருக்கும் மில்லி ஆம்ப் (mAh) எண்ணை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-ஹவர். 20,000 என்றால் 74. எண் அழிந்துபோன பவர் பேங்கைக் காவலர் பிடுங்கிக்கொண்டால் எதிர்வாதத்துக்கு இடமில்லை. சாட்டிலைட் போனும், மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் செய்திக் கருவியும் முன்அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரவே கூடாது. திரும்பும்போது பையில் சிக்கி, விமானத்தை விட்டுவிட்டுப் போலீஸ் நிலையம் போன வெளிநாட்டவர்கள் உண்டு.

பிரபலமாக இல்லாமலே கிடைக்கும் வேகமும் இருக்கிறது. எஃப்.டி.ஐ.-டி.டி.பி. என்ற விரைவு இமிக்ரேஷன் திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும், செப்டம்பரில் திருச்சிக்கும் வந்தது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர்களுக்கும் மட்டும், கட்டணம் இல்லை. உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்ததும் கைரேகையும் முகப்படமும் கொடுக்க வேண்டும். பதிவு அதிகபட்சம் ஐந்து ஆண்டு, அல்லது பாஸ்போர்ட் காலாவதி, எது முன்போ அதுவரை. ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் விண்ணப்பித்தால் அந்தப் பயணத்துக்கு உதவாது. முகத்தை வைத்தே வாசலைத் தாண்டவைக்கும் டிஜி யாத்ரா செயலி உள்நாட்டு விமானங்களுக்கு, அதுவும் ஆதார் இருந்தால்.

பெற்றோரை அனுப்பி வைப்பவர்களுக்கு வீல்சேர்தான் முக்கியம். 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடல் சோதனை நடக்கும், நாற்காலியும் சோதிக்கப்படும்; பெண்களுக்குத் திரைக்குப் பின்னால் பெண் காவலர். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள் மருத்துவச் சீட்டை மேலாகவே வைத்திருக்கலாம், ஆனால் சீட்டைக் காட்டினால் சோதனை நின்றுவிடாது. நன்றாக நடக்கக்கூடியவர்களும் பாதை தெரியாது, பாஷை வராது என்பதற்காக வீல்சேர் கேட்பதைப் பார்க்கலாம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கேட்கக் கூச்சமில்லாத வழிகாட்டும் ஆள் வேண்டும், அது இல்லாததால் நாற்காலியைக் கேட்கிறார்கள். பணம் கட்டினால் துணைக்கு ஆள் வந்து கவுன்ட்டர் கவுன்ட்டராகக் கூட்டிப்போகும் சேவை இருக்கிறது. அந்த ஆள் படிவத்தில் உதவுவார், பையைத் தள்ளுவார், வழி காட்டுவார். செக்யூரிட்டி வாசலில் எந்தத் தனி அதிகாரமும் அவருக்கு இல்லை. விரைவு இமிக்ரேஷன் கேட் வழியாகச் சட்டென்று வெளியே வந்தவரும் அடுத்து நிற்பது அதே செக்யூரிட்டி வரிசையில்தான். சென்னையில் இமிக்ரேஷன் முதலில், செக்யூரிட்டி பிறகு. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு வரச் சொன்னால் மூன்று மணி நேரம் முன்பே வாருங்கள்.