அப்சிந்த் ஊற்ற எந்த கிளாஸ்? போந்தார்லியே முதல் ஒயின் கிளாஸ் வரை

சோம்பு மணமுள்ள மூலிகை மதுவான அப்சிந்தின் பாட்டிலில் பெரும்பாலும் 45 முதல் 74 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் அதை அப்படியே குடிக்கும் வழக்கமில்லை. ஒரு பங்குக்கு மூன்று முதல் ஐந்து பங்கு ஐஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தெளிந்த பச்சை நிறம் பால்போலக் கலங்கிய பிறகே வாயில் வைப்பார்கள். அதனால் கிளாஸிடம் எதிர்பார்க்க வேண்டியவை சில்லறை விஷயங்கள்தான்: 30 மி.லி. எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும், அதற்கு மேல் 150 மி.லி. தண்ணீர் பிடிக்க வேண்டும், சர்க்கரைக் கட்டி வைக்கும் துளைக் கரண்டி விளிம்பில் ஆடாமல் உட்கார வேண்டும். அழகெல்லாம் அப்புறம்.

இவற்றில் அதிகம் கோட்டைவிடப்படுவது முதல் விஷயம். உள்விட்டம் 7 செ.மீ. உள்ள நேர்த் தம்ளரில் 30 மி.லி. ஊற்றினால் அது 8 மி.மீ. உயரம்கூட வராது. கண்ணளவில் 2 மி.மீ. பிசகினால் கிட்டத்தட்ட 8 மி.லி., அதாவது கால் பங்குக்கு மேல் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். அதே 30 மி.லி. மூன்றரை செ.மீ. அகலமுள்ள குழியில் 3 செ.மீ. உயரம் நிற்கும், அங்கே 2 மி.மீ. பிசகினாலும் 2 மி.லி.தான் போகும். சில அப்சிந்த் கிளாஸ்களின் அடியில் குறுகலான குழி வைத்ததன் பயன் இதுதான்.

குழிக் கிளாஸ்களில் பெயர்பெற்றது போந்தார்லியே. 1805இல் பெர்னோ நிறுவனம் வடிசாலை தொடங்கிய பிரெஞ்சு ஊரின் பெயர்தான் அது. தண்டின் மேல் ஒரு சிறு உருண்டைக் குழி, அங்கிருந்து தலைகீழாகப் பிடித்த மணி போல மேல்நோக்கி விரியும் உடல், 7–8 செ.மீ. வாய். ஏறக்குறைய 16 செ.மீ. நீளமுள்ள கரண்டி இந்த வாயில் கச்சிதமாக நிற்கும். குழி வரை ஊற்றி, சர்க்கரைக் கட்டியின் மேல் தண்ணீரைச் சொட்ட விட்டால், தண்ணீர் கனமானது என்பதால் இழை இழையாக அடிக்கு இறங்கும். சோம்பு வகையிலிருந்து வரும் அனெத்தோல் எண்ணெய் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. அது நுண்துளிகளாகப் பிரிவதுதான் அந்தக் கலங்கல். கலங்கல் கீழிருந்து ஏற, மேலே மெல்லிய தெளிந்த படலம் ஒன்று மிஞ்சும். அந்தப் படலம் மறையும் கட்டத்தில் கை நிதானிக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றுக்கு மூன்றை நெருங்கியிருப்பீர்கள். விரிந்த உடலில் இந்தப் படலம் பளிச்சென்று தெரியும்.

இதில் ஒரு வில்லங்கம்: இப்போது விற்கும் நகல்கள் எல்லாவற்றிலும் குழி 30 மி.லி. இருக்காது. 68 சதவீத அப்சிந்த் 30 மி.லி.யோடு 120 மி.லி. தண்ணீர் சேர்ந்தால் கலவை 13.6 சதவீதம், ஏறத்தாழ ஒயின் கணக்கு. குழி 45 மி.லி. பிடித்து, தண்ணீர் அதே அளவென்றால் 18.5 சதவீதத்துக்கு எகிறிவிடும். வாங்கியதும் பெக் மெஷரில் தண்ணீர் அளந்து ஊற்றிப் பாருங்கள். குழி பெரிதாக இருந்தால் 30 மி.லி. எங்கே நிற்கிறது என்பதை மனதில் குறித்துக்கொண்டால் போதும்.

குமிழ்க் கிளாஸ் பார்வைக்கு எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அடியில் தனிக் குமிழ், இடையில் ஒடுங்கிய கழுத்து, மேலே கிண்ணம். மெதுவாகச் சொட்டினால் குமிழுக்குள் புகை சுருள்வது போன்ற காட்சி கிடைக்கும். அவசரப்பட்டுத் தண்ணீரைக் கொட்டினால் மேலே ஒரு செறிவு, கீழே ஒரு செறிவு என்று தங்கிவிடும். கழுத்துக்குள் நுழையும் நீளக் கரண்டி இல்லாமல் அதைச் சரிசெய்ய முடியாது. கழுவுவதும் தலைவலி, பாட்டில் பிரஷ் இன்றி ஆகாது. விருந்தாளி வரும் நாளுக்குச் சரி, தினப் புழக்கத்துக்கு வேண்டாம்.

ஒரு பாருக்கு வாங்குவதென்றால் தடித்த அடியும் அளவுக் கோடும் உள்ள கிளாஸே புத்திசாலித்தனம். எளிதில் உடையாது, அடுக்கலாம், யார் ஊற்றினாலும் அளவு ஒன்றே. ஆனால் சோம்பு மணமுள்ள இன்னொரு பிரெஞ்சு மதுவான பஸ்தியின் கிளாஸை இதற்குத் திருப்பிவிடும்போது கவனம்: பஸ்தியின் வழக்கமான அளவு 20 மி.லி. என்பதால் அதன் கோடும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வீட்டில் 200–250 மி.லி. ஒயின் கிளாஸும் ஒரு பெக் மெஷரும் இருந்தால் புதிதாக எதுவுமே வாங்க வேண்டாம் என்பதுதான் உண்மை. குழி செய்யும் வேலையை மெஷர் செய்துவிடும். வாய் மட்டும் ரொம்ப ஒடுங்கியிருக்கக் கூடாது. கரண்டியின் துளைப் பகுதி நடுவில் வராமல் விளிம்பில் தட்டி, சர்க்கரை சரிந்து விழும். பெரிய சிவப்பு ஒயின் கிளாஸில் 150 மி.லி. அடியில் ஒட்டிக்கொண்டு பரிதாபமாகத் தெரியும்.

சுவிட்சர்லாந்தின் வால் டி டிராவெர் பள்ளத்தாக்கில் இந்தக் கவலையே கிடையாது. 1910 முதல் 2005 வரை தடை இருந்த காலத்தில் அங்கே திருட்டுத்தனமாக வடித்த நிறமற்ற ‘லா ப்ளே’, பெரும்பாலும் சர்க்கரை சேர்க்காமல் குடிக்கப்படுவது. கரண்டி இல்லையென்றால் சின்னத் தம்ளரே போதும்.

சொட்டுக் குழாய் ஜாடி இல்லாதவர்களுக்கு, கிளாஸின் மேலேயே உட்காரும் துளைக் கிண்ணம் உதவும். ஐஸையும் சர்க்கரையையும் அதில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அதுவே சொட்டும். ஆனால் அதன் அடிவிட்டமும் உங்கள் கிளாஸின் வாயும் பொருந்துகிறதா என்று அளந்தபின் வாங்குங்கள். ஐஸை நேராக அப்சிந்தில் போடுவது மட்டும் கூடாது. தண்ணீர் வருமுன்பே கலங்கத் தொடங்கி, எங்கே நிறுத்துவது என்ற அடையாளம் போய்விடும்.

ஷாட் கிளாஸில் தண்ணீருக்கு இடமில்லை. வண்ணக் கண்ணாடியில் கலங்கல் தெரியாது. பிளாஸ்டிக்கில் சோம்பு வாசனை ஏறினால் இறங்காது. சர்க்கரைக்குத் தீ வைப்பது 1990களில் செக் நாட்டிலிருந்து பரவிய வேடிக்கை. எரியும் சர்க்கரை மெல்லிய கண்ணாடியில் விழுந்தால் விரிசல் விடும், கரிந்த சுவை மூலிகை மணத்தை அமுக்கிவிடும்.

குடித்து முடித்ததும் கிளாஸை உடனே வெந்நீரில் அலசிவிடுங்கள். காய விட்டால் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து குழியின் ஓரத்தில் வெள்ளை வளையமாகப் படியும். சோப்புப் பிசுக்கு மிஞ்சாதபடி இன்னொரு முறை வெறும் தண்ணீர் விட்டு, கவிழ்த்து வைத்தால் போதும்.