ஆளில்லாத மாதங்களில் காவல் என்ற பெயரில் நடந்த மோசடி: மலைப்பகுதிச் சங்கங்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் வீட்டு உரிமையாளர் சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள், தனியார் செக்யூரிட்டி ஏஜென்சியுடன் ஒப்பந்தம் போடுவதற்கு முன்பு இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோத்தகிரியை அடுத்த எங்கள் குடியிருப்பில் பெரும்பாலான வீடுகள் கோவையிலும் சென்னையிலும் வசிப்பவர்களுக்குச் சொந்தமானவை. ஏப்ரல், மே சீசனில் நிறைந்திருக்கும் தெருக்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் முதல் பொங்கல் வரை ஏறக்குறைய ஆளரவமின்றிக் கிடக்கும். காவல் மிகவும் தேவைப்படும் அந்த மாதங்களில்தான் ஏஜென்சி எங்களை ஏமாற்றியது.

இரவில் இரண்டு வாட்ச்மேன்கள் இருக்க வேண்டும், மணிக்கொரு முறை ரோந்து வர வேண்டும், பொது இடங்களில் உள்ள கேமராக்களைப் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பொங்கல் விடுமுறைக்கு வந்த உரிமையாளர்கள் பார்த்தபோது கிளப் ஹவுஸ் சன்னல்கள் உடைக்கப்பட்டிருந்தன; சிறுவர் பூங்கா ஊஞ்சலின் சங்கிலிகளைக் காணவில்லை; சுவர்களில் பெயின்ட் கிறுக்கல்; தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்குச் செல்லும் செப்பு கேபிள் முழுவதும் உருவப்பட்டிருந்தது. காட்டெருமைக் கூட்டம் வேலியை முறித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது என்றும், கிளப் ஹவுஸைக் கரடி உடைத்தது என்றும் ஏஜென்சியின் சூப்பர்வைசர் விளக்கம் சொன்னார். இங்கே இரண்டுமே ஊருக்குள் வருபவை என்பதால், வெளியூரில் இருக்கும் உரிமையாளர்கள் தொலைபேசியில் இதைக் கேட்டால் நம்பிவிடுவார்கள்.

நானும் சங்கச் செயலாளரும் வேலியருகே சென்று பார்த்தோம். காட்டெருமை மோதினால் கம்பம் சாயும், கம்பி வலை உள்பக்கமாக வளைந்து கிழியும், ஈர மண்ணில் குளம்படி ஆழமாகப் பதியும். இங்கோ கம்பம் நேராக நின்றது. வலையின் கம்பிகள் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில், கட்டரால் நறுக்கிய பளபளப்பான முனைகளுடன் இருந்தன. கரடி கேபிளைச் சுருட்டி எடுத்துச் செல்வதில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து ரோந்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினோம். மாதம் முழுவதும் ஒரே பேனா, ஒரே சாய்வு, மழை பெய்த இரவிலும் ஒரு துளி ஈரம் படாத தாள்கள். பக்கத்தைப் புரட்டியபோது, இன்னும் வராத நாட்களுக்கும் இரவு பதினோரு மணி, பன்னிரண்டு மணி, ஒரு மணி என்று வரிசையாகக் கையெழுத்துகள் போடப்பட்டிருந்தன.

கேமரா விஷயம் இதைவிட மோசம். கேட் அறையில் உள்ள திரையில் எல்லாக் கேமராக்களின் காட்சியும் தெரிந்துகொண்டிருந்தது, ஆனால் காட்சிகளைப் பதிவுசெய்யும் கருவியான டி.வி.ஆரின் ஹார்ட் டிஸ்க் பழுதாகி, அக்டோபருக்குப் பிறகு எதுவுமே பதிவாகவில்லை. ஹார்ட் டிஸ்க் செத்துப்போனாலும் நேரடிக் காட்சி தெரியும் என்பதால், திரையைப் பார்ப்பவருக்குக் குறை தெரியாது. பழைய தேதி ஒன்றை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் வசூலித்தவர்கள் அதை ஒருமுறைகூடச் செய்யவில்லை. பனிமூட்ட இரவுகளில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி மூட்டத்தில் பட்டுத் திரும்பிப் படம் முழுவதும் வெள்ளையாகிவிடும் என்பது மலையில் கேமரா வைத்த எவருக்கும் தெரியும். வேலியோரம் தனியே விளக்கு போட வேண்டும் என்று நாங்கள் எழுத்தில் கேட்டதற்கும் பதில் வரவில்லை.

இரண்டு வாட்ச்மேன்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு அவர்கள் நிறுத்தியிருந்தது ஒரே ஒரு பெரியவரை. அவருடைய ஆதார் அட்டையின்படி வயது 65ஐத் தாண்டியிருந்தது. பகலிலும் அவர்தான், இரவிலும் அவர்தான். பில்லில் அவர் பெயரால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகை எங்களிடம் வசூலிக்கப்பட்டிருக்க, “அப்படி எதுவும் எனக்கு இல்லைங்க ஐயா, நம்பரும் குடுக்கல” என்றார் அவர். எங்களைவிட அதிகமாக ஏமாற்றப்பட்டவர் அவர் என்றே கருதுகிறேன். அவர்மீது பழி போட ஏஜென்சி முயன்றபோது சங்கம் அதை ஏற்கவில்லை.

தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005 இப்படிப்பட்ட ஏஜென்சிகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்குகிறது. காவலர் 18 வயது நிறைந்தவராகவும் 65 வயதை எட்டாதவராகவும் இருக்க வேண்டும். அவருடைய நடத்தை விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும். புகைப்பட அடையாள அட்டை வழங்கப்பட்டிருக்க வேண்டும். உரிமத்தை ஒரு மாவட்டத்துக்கு மட்டுமோ, ஐந்து மாவட்டங்கள் வரையிலோ, மாநிலம் முழுவதற்குமோ பெறலாம். கட்டணமும் அதற்கேற்ப மாறும். எங்களுக்குக் கொடுத்த உரிம நகலில் மாவட்டம் குறிப்பிடப்பட்ட பக்கம் இணைக்கப்படவே இல்லை. வற்புறுத்திக் கேட்டு வாங்கியபோது அதில் கோயம்புத்தூர் மாவட்டம் மட்டுமே இருந்தது, நீலகிரி இல்லை. உரிமம் இல்லாமல் காவல் தொழில் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது பெற்றோம். போலீசார் முதலில் கேட்டது கேமரா பதிவைத்தான். பதிவு இல்லாததால் யார் செய்தார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. ஏஜென்சியிடம் இழப்பீடு கேட்டபோது, சேதத்தை 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் ஏஜென்சிக்குப் பொறுப்பில்லை என்ற ஒப்பந்த வரியைக் காட்டினார்கள். சேதத்தைக் கண்டு சொல்ல வேண்டியவர்களே அவர்கள்தான் என்றிருக்க, இந்த வரிக்கு என்ன பொருள்? இதே வரி வேறு ஏஜென்சிகளின் அச்சடித்த படிவங்களிலும் இருப்பதைப் பிறகு பார்த்தேன்; கையெழுத்துக்கு முன்பே அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவதானால் இரண்டு ஆண்டுக் கெடுவுக்குள் அணுக வேண்டும் என்பதால், பில்கள், பதிவேட்டின் எல்லாப் பக்கங்கள், அறுபட்ட கம்பியின் படங்கள் ஆகியவற்றைத் தேதியிட்டுப் பாதுகாத்து வருகிறோம். புதிய ஒப்பந்தத்தில், வாரம் ஒருமுறை பழைய தேதியின் பதிவை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும், ஒவ்வொரு காவலரின் பி.எஃப். கணக்கு விவரமும் பில்லுடன் வர வேண்டும் என்றும், இரவில் முன்னறிவிப்பின்றி வந்து ஆள் எண்ணிக்கையைச் சரிபார்க்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு என்றும் எழுதச் செய்திருக்கிறோம். அந்த ஒப்பந்தத்தின் நகல் எங்கள் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. அக்கம்பக்கத்துச் சங்கத்தார் எவரும் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம்.