அப்பாவின் வீல்சேரும் ஏர்போர்ட் பார்க்கிங்கும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் சரியாக ஒத்துழைப்பதில்லை. போன மாதம் அவரையும் அம்மாவையும் டெல்லிக்கு அக்கா வீட்டுக்கு அனுப்பும்போதுதான் விமான நிலையத்தின் மாற்றுத்திறனாளிகள் பார்க்கிங்கை முதல் முறையாகப் பயன்படுத்தினேன். வீல்சேரோடு போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வாசலிலேயே இறக்கிவிடலாமே என்று பலர் கேட்டார்கள். முடியாதுங்க. டிக்கியிலிருந்து வீல்சேரை எடுத்து விரித்து, பிரேக் போட்டு, அப்பாவின் கால்களை ஒவ்வொன்றாக வெளியே திருப்பி வைத்து, அவர் இடது கையால் கதவைப் பிடித்து எழுந்து திரும்பி உட்காரப் பத்து நிமிடம் ஆகும். பின்னால் நிற்கிற கார் ஹார்ன் அடித்துவிட்டால் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடும், அப்புறம் இருபது நிமிடம்.

பார்க்கிங்கில் தரைத்தளத்திலேயே, லிஃப்டுக்குப் பக்கத்தில், தரையில் வீல்சேர் படம் வரைந்த இடங்கள் இருந்தன. செக்யூரிட்டி அண்ணன் எங்களைப் பார்த்ததும் கேட்காமலே கூம்பை எடுத்து வழிவிட்டார். நல்ல அகலம். மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிகளிலும் 3.6 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் என்றுதான் இருக்கிறது. கதவை முழுசாகத் திறந்து வீல்சேரை சீட்டை ஒட்டி நிறுத்த அந்த அகலம் கட்டாயம் வேண்டும். ஆனால் பக்கத்தில் மஞ்சள் கோடு போட்டுக் காலியாக விட்டிருந்த இடத்தில் யாரோ இரண்டு பைக்கை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள், அந்த அண்ணன் வந்து நகர்த்தும் வரை கதவு பாதிதான் திறந்தது. தயவுசெய்து அந்தக் கோட்டுக்குள் வண்டி நிறுத்தாதீர்கள்.

சரி, இறங்கியாயிற்று. பெரிய சிக்கல் அதற்குப் பிறகுதான். டெர்மினலுக்குப் போகச் சாலையைக் கடக்க வேண்டும். இந்தப் பக்கம் சரிவுப் பாதை இருக்கிறது, எதிர்ப் பக்கம் நாலு விரல் உயரத்துக்குக் கல் விளிம்பு. வீல்சேரைப் பின்பக்கமாகத் திருப்பி இழுத்துத்தான் ஏற்றினேன், அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா இரண்டு பெட்டியையும் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏர்லைன் உதவியாளரை பார்க்கிங்குக்கே வரச் சொல்லிக் கேட்டேன், டெர்மினல் வாசலுக்கு வந்துவிடுங்கள் சார் என்றார்கள். அதனால் கார் ஓட்டுபவரைத் தவிர இன்னொருவரையும் துணைக்குக் கூட்டிப் போங்கள்.

உதவி வேண்டும் என்பதை ஏர்லைனிடம் 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். வீல்சேர் என்று மட்டும் சொன்னால் போதாது. படி ஏற முடியாதவருக்கு டபிள்யூ.சி.எச்.எஸ்., விமானத்தில் சீட் வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டியவருக்கு டபிள்யூ.சி.எச்.சி. என்ற ஏர்லைன் குறியீட்டைக் குறிக்கச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த அன்று உதவியாளர் தம்பி வாசலோடு நிற்காமல் கார் வரை வந்து அப்பாவை ஏற்றிவிட்டுத்தான் போனார். அந்த மனசுக்கு நன்றி.

இந்த பார்க்கிங்குக்கு 5-க்கு 3 மதிப்பெண் தருகிறேன். கல் விளிம்பைப் படம் எடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பியிருக்கிறேன், அதைச் சரிவாக்கிவிட்டால் வந்து மதிப்பெண்ணை மாற்றுகிறேன்.