பழைய ஸ்டீல் கிட்டாரும் எபாக்சி பசையும்: எட்டு வருட அனுபவம்

"சுருதி இறங்குதுடா தம்பி" என்று, நான் ஒட்டிக் கொடுத்த கிட்டாரைப் பற்றிப் பெரியப்பா முதலில் சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை. புதுக் கம்பி போட்டிருந்தேன், புதுக் கம்பி கொஞ்ச நாள் இழுபடத்தான் செய்யும் என்றேன். ஒரு வாரம் கழித்தும் அதையே சொன்னார். முறுக்காணிகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுப் பார்த்தேன். பயனில்லை. காலையில் சேர்த்த சுருதி சாயங்காலம் தெரிந்தே கீழே இருந்தது. ஒரு கம்பி இறங்கினால் அந்தக் கம்பியைச் சந்தேகப்படலாம். ஆறு கம்பியும் சேர்ந்து இறங்கினால் கம்பிகளைத் தாங்கி நிற்பதுதான் நகர்கிறது. தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் இருபது வருடம் பிட்டராக இருந்த எனக்கு இது புரிய மூன்று வாரம் ஆனது என்பதைக் கூச்சத்தோடு சொல்லிவிடுகிறேன்.

நான் ஒட்டிய ஒட்டுதான் நகர்ந்துகொண்டிருந்தது. பார்வைக்கு உடையவில்லை, விரிசலும் இல்லை. ஒட்டின் குறுக்கே பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டு வைத்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் கோட்டின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் அரை மில்லி விலகி நின்றன.

இது 2017இல் நடந்தது. அந்த கிட்டார் ஜப்பானில் செய்த கயாடோன், மடியில் படுக்க வைத்து வாசிக்கும் ரகம். பெரியப்பா வாலிபத்தில் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் கோயில் திருவிழா, கல்யாணம் என்று மேடை ஏறி, சினிமாப் பாட்டுக்கு நடுவே இதை அழ விடுவாராம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளைக் காலி செய்து நாங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு மாறியபோது லாரியிலிருந்து அலமாரியோடு சேர்ந்து விழுந்தது. தலைப்பகுதி சாய்வாக முறிந்து, வெறும் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

தெரியாதவர்களுக்கு: நம்மூர்க் கோட்டு வாத்தியத்தில் கட்டையை நகர்த்தி ஸ்வரம் பிடிக்கிறார்களே, அதே வேலைதான். இதில் கட்டைக்குப் பதில் இரும்புத் துண்டு. ஹவாய் தீவில் 1880களின் கடைசியில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். அங்கிருந்து கல்கத்தா வரை, நம் தோட்டம் வரை வந்துவிட்டது. கட்டை வழுக்கலாம், அதுதான் அழகு. ஒட்டு வழுக்கக் கூடாது.

சரி, ஏன் வழுக்கியது?

நான் வாங்கியது ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி, பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்து போடும் பசை. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. குற்றம் பசை மேல் இல்லை, அதை எங்கே போட்டேன் என்பதில்தான். இங்கே ஹார்ட்வேர் கடையில் எந்த எபாக்சியையும் 'அரால்டைட்' என்றுதான் கேட்போம், கடை முதலாளி தவுக்கேயும் கையில் அகப்பட்டதை எடுத்துத் தருவார். சீக்கிரம் இறுகுவதும் மெதுவாக இறுகுவதும் ஒரே மாதிரி இரட்டைக் குழாயில்தான் வரும். நான் அவசரத்தை வாங்கி வந்தேன்.

எபாக்சி இறுகிய பிறகும் கண்ணாடி மாதிரி ஒரே நிலையில் இருப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட வெப்பத்தைத் தொட்டால் தோல் மாதிரி இளகிவிடும். வீட்டு வெப்பத்தில் இறுகிய சாதாரண எபாக்சிக்கு அந்த எல்லை பெரும்பாலும் 50, 60 டிகிரிக்குள் இருக்கும், ஐந்து நிமிட ரகத்துக்கு அதற்கும் கீழே போகலாம். குளிர் நாட்டில் இது பெரிய விஷயமில்லை. நம் ஊரில் மத்தியான வெயிலில் நிறுத்திய காருக்குள் சமையல் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன், 50ஐத் தாண்டியது. பெரியப்பா அந்த கிட்டாரைக் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு நண்பர் வீடு, கோயில், சாப்பாட்டுக் கடை என்று சுற்றிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் கம்பிகளின் இழுவை வேறு. ஆறு கம்பியும் சேர்ந்து 50, 60 கிலோ இழுக்கும். ஒரு மூட்டை சிமெண்டைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, ராத்திரி பகல் ஓய்வில்லாமல். ஒரு தட்டுத் தட்டினால் தாங்கும் ஒட்டு, விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடும். ஒட்டிய மறுநாள் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்து, கல் மாதிரி இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டது வீண். தட்டிப் பார்ப்பது இதற்குச் சோதனையே அல்ல.

பிரித்ததும் சுலபமாகப் போயிற்று. மகளின் முடி உலர்த்தும் ஹேர் டிரையரைச் சில நிமிடம் காட்டினேன், ஒட்டு ரப்பராகி, பிசைந்து இழுத்தால் வந்துவிட்டது. ஹேர் டிரையருக்கே விட்டுக்கொடுக்கிற பசையைக் கிட்டாரில் போட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டாம் முறை மெதுவாக இறுகும் எபாக்சி. அன்றிலிருந்து இன்றுவரை அதையேதான் பயன்படுத்துகிறேன். அளவில் சரிபாதி, எடையில் பார்த்தால் பிசின் 100க்கு ஹார்டனர் 80. கண்ணளவில் பிதுக்கினால் எப்படியும் ஒரு பக்கம் கூடிவிடும், ஆகவே தராசு வாங்கினேன், நகைக்கடைத் தராசு போல 0.1 கிராம் காட்டும் சின்னது. இதில் எனக்கு அப்பா ஞாபகம் வரும். ஸ்டோரில் ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றி ஆசிட் கலக்கும் வேலை அவருடையது. ஆசிட் குறைந்தால் பால் உறையாது, கூடினால் ஷீட் கெட்டுவிடும். கண்ணை மூடிக்கொண்டு அளவு சொல்வார். பாலிலாவது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் சமாளிக்கலாம். எபாக்சியில் ஹார்டனர் அதிகமானால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது பெரிய தப்பு. அதிகமானது எதனோடும் சேராமல் உள்ளேயே தங்கி, ஒட்டை மெத்தென்று ஆக்கிவிடும். தராசு வாங்குவதற்கு முன்னால் நான் செய்த நான்கைந்து ஒட்டுகள் இன்றும் நகம் பட்டால் பதிகின்றன. நல்லவேளை, அவை நாற்காலிகள்.

உப்புத்தாள் பற்றி ஒன்று. முறிந்த மரத்தின் முகத்தைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடாதீர்கள். மரம் முறியும்போது இரண்டு பக்கமும் பூட்டும் சாவியும் மாதிரி பொருந்தும் பற்களோடு முறிகிறது, தேய்த்தால் அந்தப் பொருத்தம் போய்விடும். பழைய பசையை மட்டும் சுரண்டி எடுங்கள். பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். கிளாம்ப் போடும்போதும் ஓங்கி இறுக்கினால் பசை எல்லாம் வெளியே பிதுங்கி உள்ளே ஒன்றும் இருக்காது. எபாக்சிக்குப் பட்டும் படாமலும் இறுக்கினால் போதும். சைக்கிள் டியூபைக் கிழித்து நாடாவாகச் சுற்றிக் கட்டுவேன், எந்தக் கிளாம்பையும் விட அதுதான் எனக்குக் கைவந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மரம் சுத்தமாக, புதிதாக முறிந்திருந்தால் எபாக்சியே வேண்டாம். தச்சர் பயன்படுத்தும் மரப்பசை போதும், பின்னால் ஒருவர் பிரித்துச் சரி செய்யவும் வழி இருக்கும். எபாக்சி கிட்டத்தட்ட ஒருவழிப் பாதை. பெரியப்பாவின் கிட்டாரில் நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது முன்பே ஒரு தடவை அதே இடத்தில் உடைந்து யாரோ ஒட்டியிருந்தார்கள். சில்லுகள் காணாமல் போய், நடுவே ஒரு நெல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. மரப்பசை இடைவெளியை நிரப்பாது, பழைய பசை மேலும் பிடிக்காது. அந்த இடத்துக்கு எபாக்சிதான். கடையில் 'காம் காஜா' என்று கேட்டு வாங்கும் சூப்பர் குளூவை மட்டும் இந்த மாதிரி முறிவில் ஊற்றிவிடாதீர்கள். ஊற்றிவிட்டு என்னிடம் கொண்டுவந்தவர்கள் மூன்று பேர். அதைச் சுரண்டவே இரண்டு நாள் போகிறது.

அப்புறம் பேக்கலைட் கிட்டார். ஈப்போவில் நண்பர் ஒருவரிடம் ரிக்கன்பேக்கரின் பி மாடல் ஒன்று இருக்கிறது. வாணலி என்று செல்லப்பெயர் வாங்கிய அலுமினிய கிட்டாருக்குப் பிறகு, 1935இல் அந்தக் கம்பெனி பேக்கலைட்டில் வார்த்துக் கொண்டுவந்தது. பழைய வானொலிப் பெட்டி, மின்சார ஸ்விட்ச் எல்லாம் செய்தார்களே, அதே கறுப்புச் சரக்கு. கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் இரண்டாக ஒடிந்து கிடந்தது. இந்த வேலையில் நான் அதிகம் பயந்ததும் இதில்தான், அதிகம் கற்றதும் இதில்தான்.

பேக்கலைட் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். சூடாக்கினால் உருகாது, கரைப்பான் விட்டால் கரையாது. பிளாஸ்டிக் குழாயை ஒட்டும் பசை அதன் மேல் வேலைக்கு ஆகாது. கிட்டாரில் எபாக்சியைத் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரே இடம் என்றால் இதுதான். ஆனால் மரத்தைப் போல நார் கிடையாது, கண்ணாடி மாதிரி நொறுங்கும். வெறும் முகத்தோடு முகம் ஒட்டினால் 50 கிலோ இழுவைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. கழுத்துக்குள் நீளவாக்கில் இரண்டு துளை போட்டு, 3 மில்லி பித்தளைக் கம்பி இரண்டு செருகினேன். டிரில்லை மெதுவாக ஓட்டி, அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டு மறுபடி விட வேண்டும். ஒரு துளைக்கு முக்கால் மணி நேரம். முகமூடி கட்டாயம், பழைய பேக்கலைட் சிலவற்றில் கல்நார் கலந்திருக்கும். தூளை ஈரத் துணியால் துடைத்தேன், ஊதவே இல்லை. கோடு வெள்ளையாகத் தெரியாமல் இருக்க, அம்மாவின் காமாட்சி விளக்குக்கு மேலே படிந்த புகைக்கரியைச் சுரண்டி ஒரு சிட்டிகை பசையில் கலந்தேன். நன்றாகக் கறுத்தது.

அப்புறம்தான் காரின் நினைவு வந்தது. எபாக்சி எந்த வெப்பத்தில் இறுகுகிறதோ, அதற்குக் கொஞ்சம் மேலே வரைதான் தாங்கும். நிழலில் இறுகினால் நிழலுக்கு ஏற்றது, சூட்டில் இறுகினால் சூட்டுக்கு ஏற்றது. பாதி இறுகிய பிறகு சூட்டில் வைத்தால் அதன் எல்லையும் மேலே போகும். ஆகவே ஒரு நாள் முழுக்க வீட்டில் வைத்து இறுக விட்டு, மறுநாள் கம்பி மாட்டாமல், துணியில் சுற்றி, காருக்குள் வைத்து, வெயிலில் நிறுத்தினேன். நான்கு மத்தியானம். முதல் ஒட்டைக் கெடுத்த அதே கார்தான். பேக்கலைட் என்பதால் துணிந்தேன், மெருகு போட்ட மர கிட்டாரை இப்படிச் சுட வேண்டாம். பெரியப்பாவுடையதைத் தகரக் கொட்டகையில்தான் ஒரு வாரம் வைத்திருந்தேன்.

உலோகத் துண்டுகளுக்கு ஜே-பி வெல்ட் என்ற எபாக்சியைப் பயன்படுத்தினேன். தேய்ந்துபோன திருகுத் துளை, விரிந்த முறுக்காணித் தகடு எல்லாவற்றுக்கும் நல்லது, புகார் இல்லை. ஒன்றே ஒன்று: அதில் இரும்புத் தூள் கலந்திருக்கிறது. இறுகிய பிறகு அரத்தால் ராவினேன், பக்கத்திலேயே, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் லாட வடிவக் காந்தம். ராவிய தூள் அத்தனையும் எறும்பு மாதிரி போய் அதில் ஒட்டிக்கொண்டது. செல்லோடேப்பால் ஒற்றி ஒற்றி எடுக்க ஒரு ராத்திரி ஆனது.

கை பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. முதல் மூன்று வருடம் கையுறை போடவில்லை. ஒன்றும் ஆகவில்லை, அதனால் ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டேன். நான்காவது வருடம் விரலிடுக்கில் அரிப்பு, கொப்புளம். தோல் டாக்டர் பார்த்துவிட்டு, எபாக்சி ஒவ்வாமை இப்படித்தான் மெதுவாகச் சேர்ந்து வரும், வந்தால் திரும்பிப் போகாது என்றார். இப்போது நைட்ரைல் கையுறை இல்லாமல் குழாயைத் திறப்பதில்லை. மழை நாளிலும் திறப்பதில்லை. காற்றில் ஈரம் அதிகமானால் ஹார்டனர் அதைப் பிடித்துக்கொண்டு, இறுகிய ஒட்டின் மேல் மெழுகு மாதிரி பிசுபிசுப்பைப் படிய விடும். அதைக் கழுவாமல் அதன் மேலேயே இன்னொரு பூச்சுப் போட்டு உரிந்து வந்ததும் என் அனுபவத்தில் உண்டு.

போன வருடம் ஈப்போ நண்பர் போன் செய்தார். கல்யாண மண்டப மேடையில் வாசித்தாராம், விளக்குச் சூட்டில் அரை மணி நேரத்தில் சுருதி கலைந்துவிட்டதாம். "அண்ணே, ஒட்டு விட்டிருச்சா?" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. மறுநாளே பஸ் ஏறிப் போனேன். கழுத்தில் நான் ஊசியால் கீறி வைத்த கோட்டைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். மேலும் கீழும் நேராக நின்றது. அப்புறம்தான் விஷயம் விளங்கியது. பேக்கலைட் கிட்டாருக்கே மேடை விளக்குச் சூட்டில் சுருதி கலையும் வழக்கம் உண்டு, ஒட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். "விளக்கைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு, அவர் வாங்கித் தந்த வெள்ளைக் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

பெரியப்பாவின் கயாடோன் இப்போது என் அறையில் தொங்குகிறது. கம்பிகளைத் தளர்த்தவில்லை, முழுச் சுருதியில்தான் இருக்கிறது. பென்சில் கோடும் இருக்கிறது.