இன்சுலினை மாற்றிக் கொடுத்த மெடிக்கல் ஷாப்: 2,150 ரூபாய் போச்சு, அம்மா தப்பித்தார்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பக்கத்து மெடிக்கல் ஷாப். பெயர் போடவில்லை. அப்பா இருந்த காலத்திலிருந்து அங்கேதான் வாங்குகிறோம். கடைக்காரர் பார்மசி படித்தவர், சான்றிதழ் சுவரில் தொங்குகிறது.

அம்மாவுக்கு டாக்டர் எழுதியது 30/70 இன்சுலின். இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஐந்து, ஊசிகள், எல்லாம் சேர்த்து 2,150 ரூபாய். பெட்டி வேறாக இருக்கிறதே என்று கேட்டேன். "கம்பெனிதான் வேற தம்பி, மருந்து அதேதான். அம்மாவுக்கு நான் தப்பா குடுப்பேனா?" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது? பில் ரோல் வேறு தீர்ந்துவிட்டதாம்.

30/70-ஐ உருட்டினால் பால் மாதிரி கலங்கும். இது தண்ணீராக இருந்தது. அம்மாவே போன் போட்டுக் கேட்டார். "புதுசு அப்படித்தாம்மா இருக்கும், தைரியமா போடுங்க."

போட்டுக்கொண்டு இட்லியும் சாப்பிட்டார். பதினோரு மணிக்குள் உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். சர்க்கரை மீட்டரில் 52. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கார்ட்ரிட்ஜைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: இது ரெகுலர், வேகமாக வேலை செய்யும் இன்சுலின். 30/70-ல் இது முப்பது பங்குதான், மீதி மெதுவாக வேலை செய்வது. அதே யூனிட்டுக்கு முழுக்க ரெகுலர் ஏற்றினால் சர்க்கரை சடாரென்று இறங்காமல் என்ன செய்யும்?

திருப்பிக் கொடுக்கப் போனேன். "ஃப்ரிட்ஜ் மருந்து ரிட்டர்ன் கிடையாது." மறுபடி போனால், "பில் இருக்கா?" ரோல் தீர்ந்ததென்று சொன்னதே நீங்கதானே அண்ணே என்றால், பதில் சொல்லாமல் அடுத்தவர் சீட்டை வாங்கிப் பார்க்கிறார். கடைசியில், "அதான் அம்மா நல்லா இருக்காங்கல்ல, 2,150 ரூபாய்க்கா இவ்ளோ சத்தம்?"

30/70 ஸ்டாக் இல்லை, மறுநாள்தான் வரும் என்று அவருக்குத் தெரியுமாம். கடைப்பையனே சொன்னான். நாளைக்கு வா தம்பி என்றிருந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் போய் வாங்கியிருப்பேன். தெரியாமல் கொடுத்திருந்தால்கூட மனசு ஆறும். இவர் தெரிந்தே, வியாபாரம் கைநழுவக் கூடாதென்று கொடுத்திருக்கிறார். பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்கணும் என்று 1948-லேயே சட்டம் போட்டது இதற்காகவா?

விவரமாக எழுத நினைத்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. பேட்ச் நம்பர் போட்ட பில் இல்லாமல் வாங்காதீர்கள். மருந்து மாறினால் கவுன்ட்டரில் நின்றபடியே டாக்டரைக் கேளுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். மீதி கார்ட்ரிட்ஜ்களை ஆதாரத்துக்காக வைத்திருக்கிறேன். அந்த 2,150 ரூபாயை இனி அவர் வீடு தேடி வந்து கொடுத்தாலும் புகாரை வாபஸ் வாங்குவதாக இல்லை.